தூக்குமரத்தில் முதலில் ஏறிய மேலங்கி

டேனிஷ் இயக்குநர் காப்ரியேல் ஆக்ஸெலின் ‘சிவப்பு மேலங்கி’ (1967) படத்தைப் பார்த்துவிட்டு மூன்று சந்தேகங்களைக் கேட்டிருக்கிறீர்கள். இது ரோமியோ ஜூலியட்டுக்கு வைக்கிங் உடை மாட்டிய கதைதானா? சமாதானம் செய்துகொண்ட இரண்டு குலங்கள், ஒரு கிழவனின் கோள்பேச்சைக் கேட்டு மறுபடியும் வெட்டிக்கொள்வதை எப்படி நம்புவது? தூக்குமரத்தடியில் நிற்கும் நாயகன் ஹாக்பார்ட், தன்னைத் தொங்கவிடுவதற்கு முன்னால் தன் மேலங்கியைத் தொங்கவிடச் சொல்வது எதற்கு? என்னை உட்கார்ந்து எழுத வைத்தது மூன்றாவது கேள்விதான். மற்ற இரண்டையும் தாண்டாமல் அதற்கு வர முடியாது என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சிறு திருத்தம். இதை ‘சாகா’ படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் சொல்கிறீர்கள். சாகா என்பது ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டையொட்டி அந்நாட்டு மொழியிலேயே எழுதப்பட்ட உரைநடைக் கதை. ஹாக்பார்ட், அவன் காதலி சிக்னே ஆகியோரின் கதையை முழுதாகச் சொல்லும் பழைய நூல் டென்மார்க்கில், லத்தீனில் எழுதப்பட்டது. எழுதியவர் சாக்சோ கிராமாட்டிகுஸ். கிராமாட்டிகுஸ் என்பது பின்னால் வந்த பட்டம், ‘இலக்கணம் வல்லவர்’ என்று பொருள். 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் எழுதிய ‘டேனியர்களின் செயல்கள்’ என்ற 16 பாக வரலாற்றின் ஏழாம் பாகத்தில் இந்தக் கதை வருகிறது. ஹாம்லெட்டின் மூலக்கதையும் இதே நூலின் மூன்றாம், நான்காம் பாகங்களில்தான் இருக்கிறது. ஆக, ஷேக்ஸ்பியரை இந்தக் கதைக்குள் இழுப்பதாக இருந்தால், கடன்பட்டவர் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இழுக்க வேண்டும்.

கதை சாக்சோவுக்கும் முந்தியது. நார்வே மன்னர்களின் முன்னோரைப் பாடும் ‘யிங்லிங்கர் வரிசை’ என்ற பழம்பாடலில், ஆக்னி என்ற அரசனை அவன் மனைவி அவனுடைய கழுத்தணியாலேயே தூக்கில் ஏற்றிவிடுகிறாள். அந்த இடத்தில் தூக்குமரத்தைக் கவிஞர் ‘சிக்னேயின் கணவனுடைய குளிர்ந்த குதிரை’ என்கிறார். இன்னொரு பழம்பாடலில் அதுவே ‘சிகாரின் குதிரை’. சிகார் என்பவர் சிக்னேயின் தந்தை. பாடலைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. தூக்கு என்றாலே ஹாக்பார்ட் என்று நினைவுக்கு வரும் அளவுக்குக் கதை பரவியிருந்தது. ஒரு காதலனின் ‘குதிரை’ ஒரு மொழியில் தூக்குமரத்துக்கு மறுபெயராகிவிட்டது என்றால், அந்த மக்கள் இந்தக் கதையில் எதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்று தெரிகிறதல்லவா?

இனி சாக்சோ சொல்வதைப் பார்ப்போம். படத்தில் பெயர்களும் தொடக்கமும் கொஞ்சம் மாறியிருக்கின்றன (அரசர் அங்கே சிக்வோர்). எலும்புக்கூடு ஒன்றுதான்.

டென்மார்க் அரசர் சிகாரின் மகன்களில் இருவர் ஆல்ஃப், ஆல்கர். எதிர்ப்பக்கம் ஹாமுண்டின் மகன்கள் ஹெல்வின், ஹாக்பார்ட், ஹாமுண்ட். இவர்களுக்கு ஹாகி என்று புகழ்பெற்ற ஒரு சகோதரனும் உண்டு. இரு தரப்பும் கடலில் மோதுகிறார்கள். பொழுது சாயும்வரை சண்டை. யாரும் வெல்லவில்லை, கை ஓய்ந்துவிட்டது. அந்தக் களைப்பிலேயே சமாதானம் பேசிக்கொள்கிறார்கள். ஹாக்பார்ட் சிகாரின் மகன்களோடு டென்மார்க்குக்கு வருகிறான். அவர்களுக்குத் தெரியாமல் சிக்னேயிடம் பேசி, அவளுடைய வாக்கைப் பெற்றுவிடுகிறான்.

சிக்னேயைக் கேட்டு ஜெர்மானியப் பிரபு ஹில்டிகிஸல் ஏற்கெனவே வந்து காத்திருக்கிறான். அழகன், உயர்குடி. ஆனால் அவனிடம் முகத்தைத் தவிரப் புகழ ஒன்றுமில்லை என்பது அவள் கணிப்பு. பணிப்பெண்கள் வீரர்களை ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, முகம் சுருங்கியிருந்தாலும் நெஞ்சுரம் உள்ளவனே மேல் என்று ஹாகியைப் புகழ்கிறாள் சிக்னே. ஹாகியின் பெயரைச் சொல்லி யாரைப் பாடுகிறாள் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. சகோதரன் பெயருக்குப் பின்னால் காதலனை ஒளித்துவைக்கும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். சாக்சோவின் நூலில் பல பெண்கள் ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுவார்கள், சிக்னேக்கு அவர் நின்று நிதானமாக இடம் கொடுக்கிறார்.

பொறாமை கொண்ட ஹில்டிகிஸல், போல்விஸ் என்ற பார்வையற்ற முதியவனுக்குப் பணம் கொடுத்துப் பகையை மூட்டச் சொல்கிறான். அரசருக்கு ஆலோசகர்கள் இரண்டு பேர். பில்விஸ் சண்டையைத் தீர்த்துவைப்பவன், போல்விஸ் மூட்டிவிடுபவன். கோள் வேலை செய்கிறது. ஹாக்பார்ட் அருகில் இல்லாத நேரம் பார்த்து ஆல்ஃபும் ஆல்கரும் ஹெல்வினையும் ஹாமுண்டையும் கொல்கிறார்கள். ஹாக்பார்ட் படையோடு திரும்பிவந்து அவர்கள் இருவரையும் கொன்று பழிதீர்க்கிறான். ஹில்டிகிஸல் தப்பித்து ஓடுகிறான், பிட்டத்தின் இரண்டு பக்கத்தையும் துளைத்த ஈட்டியோடு. ஊர் சிரித்ததாம். தேவாலயச் சூழலில் லத்தீன் கற்ற சாக்சோவுக்கு இப்படி ஒரு குசும்பும் உண்டு.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி போல்விஸ் என்று எடுத்துக்கொண்டால், நீங்கள் சொல்வதுபோல இது நம்ப முடியாத கதையாகிவிடும். நான் அப்படிப் படிக்கவில்லை. அந்தச் சமாதானம் செய்யப்பட்ட விதத்தைப் பாருங்கள். அது களைப்பில் பிறந்தது. செத்தவர்களுக்கு யாரும் விலை தரவில்லை.

பழைய ஸ்காண்டிநேவியாவின் நார்ஸ் சமூகங்களில் கொலைக்குக் கணக்கு உண்டு. ஐஸ்லாந்தின் பழைய சட்டத்தொகுப்பான ‘கிராகாஸ்’ஸில், கொல்லப்பட்டவனின் உறவினர் ஒவ்வொருவருக்கும் கொன்றவனின் உறவினர் யார் எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. தந்தை, மகன், சகோதரனில் தொடங்கித் தூரத்துப் பங்காளிகள் வரை அது நீள்கிறது. இந்தக் கணக்கு தீர்ந்தால்தான் பகை தீர்ந்ததாகப் பொருள். அதற்கு முன் வாளைக் கீழே வைப்பது தற்காலிக நிறுத்தம் மட்டுமே. இரண்டுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிச் சொற்கள் இருந்தன.

பணம் வாங்கிக்கொள்வதும் எளிதல்ல. ‘என் உறவினனைப் பணப்பையில் சுமக்க மாட்டேன்’ என்ற வழக்கு சாகாக்களில் வருகிறது. வாங்கினால் மானம் போகும், வாங்காவிட்டால் உயிர் போகும் என்ற இடுக்கில்தான் அங்கே ஒவ்வொரு குடும்பமும் நின்றது. அதையும் மீறிச் சமாதானம் ஆகும்போது ஒரு நீண்ட உறுதிமொழியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் அறிந்த சட்ட வாசகங்களில் இவ்வளவு அழகானது வேறொன்றில்லை. சமாதானத்தை முறிப்பவன் ஓநாயாகத் துரத்தப்படட்டும் என்று தொடங்கி, எங்கெல்லாம் என்று அது எல்லை வகுக்கிறது: கிறிஸ்தவர்கள் தேவாலயம் போகும் இடமெங்கும், பிற சமயத்தார் பலியிடும் இடமெங்கும், தீ எரியும் இடமெங்கும், நிலம் விளையும் இடமெங்கும், பிள்ளை தாயை அழைக்கும் இடமெங்கும், கப்பல் சறுக்கும் இடமெங்கும், பனி விழும் இடமெங்கும், வசந்த நாளில் இரு சிறகுக்கும் காற்று வாய்த்த வல்லூறு பறக்கும் தொலைவெங்கும். ஓநாய்க்கும் ஊரை விட்டு விலக்கப்பட்ட குற்றவாளிக்கும் அம்மொழியில் ஒரே சொல்தான்.

ஹாக்பார்ட் கதையில் இப்படிப்பட்ட உறுதிமொழியும் இல்லை, இரத்தவிலையும் இல்லை. கடலில் இருட்டியதால் வந்த அமைதி அது. அணையாத அடுப்பின்மேல் சாம்பலைத் தள்ளி மூடியதுபோல. போல்விஸ் சாம்பலைக் கிளறினான், அவ்வளவுதான். தீயை அவன் கொண்டுவரவில்லை. நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன் என்று இரு ஆலோசகர்களை வைத்தது சாக்சோ காலத்துக் கதைசொல்லலின் வசதி. ‘எட்டா’ என்ற பழைய நார்ஸ் பாடல் தொகுப்பின் பாடல் ஒன்றிலும் இதே அச்சில் ஒருவன் வருகிறான். பெண்வேடத்தில் திரிகைக்கல் அரைக்கும் நாயகன் ஹெல்கியின் கண் கூர்மையைப் பார்த்துச் சந்தேகப்படுபவன் அவன். பெயர் பிளிண்ட், அதாவது பார்வையற்றவன்; அடைமொழி ‘தீங்கறிந்தவன்’. போல்விஸ் என்ற பெயருக்கும் அதே பொருள்தான். பார்வையற்ற கோள்காரன், பெண்வேடமிட்ட வீரன் என்ற இந்த ஜோடி ஊர் ஊராகத் திரிந்த ஒன்று.

பெண்வேடம் என்றதும் நினைவுக்கு வருகிறது, கதையின் நடுப்பகுதி கிட்டத்தட்ட நகைச்சுவை. சகோதரர்களைக் கொன்ற கையோடு ஹாக்பார்ட் பெண்ணுடை தரித்துத் தனியாகச் சிக்னேயைத் தேடிப் போகிறான். ஹாகியின் படையிலிருந்து அரசருக்குத் தூது வந்த போர்ப்பெண் என்று சொல்லிக்கொள்கிறான். பணிப்பெண்கள் அவன் கால்களைக் கழுவுகிறார்கள். கால் ஏன் இவ்வளவு ரோமமாக இருக்கிறது, கை ஏன் இவ்வளவு முரடு என்று கேட்கிறார்கள். கடலிலும் காட்டிலும் அலைபவளின் பாதம் மென்மையாகவா இருக்கும், வாள் பிடித்த கை வேறு எப்படி இருக்கும் என்று பாட்டாகவே பதில் சொல்கிறான். சிக்னேயும் அவனுக்கு ஒத்து ஊதுகிறாள்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு விஷயம் நழுவிவிடக் கூடாது. உங்கள் முதல் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. கதவைத் திறந்துவிடும் சிக்னேக்கு வந்திருப்பவன் தன் அண்ணன் தம்பிகளைக் கொன்றவன் என்று தெரியும். ரோமியோவும் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொல்கிறான், ஆனால் அங்கே அது ஒரு தெருச்சண்டையின் கைமீறல். இங்கே ஹாக்பார்ட் செய்தது அவன் கடமை. அவன் சகோதரர்களைக் கொன்றவர்களை அவன் கொல்லாமல் விட்டிருந்தால் சிக்னேயே அவனை மதித்திருக்க மாட்டாள், ஹில்டிகிஸலோடு சேர்த்து வைத்திருப்பாள். அவள் காதலித்தது எந்தக் குணத்தையோ அந்தக் குணம்தான் அவள் உடன்பிறந்தவர்களைக் கொன்றது. காதல் ஒரு பக்கம், குலம் மறுபக்கம் என்று பிரித்து வைக்க முடியாத சிக்கல் இது. இதைப் பார்க்கும்போது வெரோனா நகரத்துப் பகை எனக்குக் கொஞ்சம் மேம்போக்காகத்தான் தெரிகிறது.

சாக்சோவுக்கே இந்த இடத்தில் நெருடல். இச்சை ஆபத்தை மதிக்காது என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்கிறார். அவள் வாக்கின்மேல் அவன் வைத்த நம்பிக்கை, தன் குற்றத்தைப் பற்றிய அவன் அச்சத்தை விடப் பெரிதாக இருந்தது என்றும் அதே மூச்சில் சொல்கிறார். இரண்டாவது வாக்கியம்தான் கதையின் திறவுகோல். வாக்கு.

அன்றிரவு அவன் கேட்கிறான்: உன் தந்தை என்னைப் பிடித்துக் கொன்றுவிட்டால் நீ இன்னொருவனை மணப்பாயா? நீ எப்படிச் சாகிறாயோ அப்படி, அதே நேரத்தில் நானும் சாவேன் என்கிறாள் அவள். இது படுக்கையறைப் பேச்சு. அந்த நேரத்தில் யாரும் எதையும் சொல்வார்கள். அது ஹாக்பார்டுக்கும் தெரியும்.

பணிப்பெண் ஒருத்தி காட்டிக்கொடுக்கிறாள். வாசலில் பலரை வெட்டிச் சாய்த்த பிறகு அவன் பிடிபடுகிறான். மன்றம் கூடுகிறது. பில்விஸும் வேறு சிலரும் இப்படிப்பட்ட வீரனைக் கொல்வதைவிடப் பயன்படுத்திக்கொள்வது மேல் என்கிறார்கள். மகன்களையும் பறித்து மகளையும் கெடுத்தவனுக்கு இரக்கம் காட்டச் சொல்வது என்ன புத்தி என்று போல்விஸ் கேட்கிறான். பெரும்பான்மை அவன் பக்கம் சாய்கிறது. தூக்குமரம் நடப்படுகிறது. அரசி ஒரு கோப்பையை நீட்டி, சாவதற்கு முன் தாகம் தீரக் குடி என்று ஏளனம் செய்கிறாள். இந்தக் கையால்தான் உன் மகன்களின் உயிரை எடுத்தேன், அழுது அவர்களை மீட்டுக்கொள்ள முடியாது என்று பாடியபடி அவன் அந்தப் பானத்தை அவள் முகத்திலேயே வீசுகிறான். மகனை இழந்த தாய் அவள். இந்த இடத்தில் நாயகன் பக்கம் நிற்க எனக்குக் கால் வருவதில்லை. கதை அதைப் பற்றிக் கவலைப்படுவதுமில்லை.

மேலே மாளிகையில் சிக்னே தன் தோழிகளைக் கூட்டி, தன்னோடு சாக வருகிறீர்களா என்று கேட்கிறாள். அவர்கள் அழுதுகொண்டே சம்மதிக்கிறார்கள். ஆடைகளைக் கயிறாக முறுக்கிச் சுருக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அறைக்குத் தீ வைக்க எல்லாம் தயார். தூக்குமரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு காவலாள் வெளியே நிற்கிறான்.

கீழே ஹாக்பார்ட் கேட்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்வி. என் மேலங்கியை முதலில் தொங்கவிடுங்கள், என் முடிவு எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். சாகப்போகிறவனின் விளையாட்டு என்று நினைத்து அவர்கள் தொங்கவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்த காவலாள் அவன்தான் தொங்குகிறான் என்று உள்ளே சொல்கிறான். மாளிகை பற்றி எரிகிறது. காலடித் தாங்கல்கள் உதைத்துத் தள்ளப்படுகின்றன. தீயைப் பார்த்த ஹாக்பார்ட் மகிழ்ந்து பாடுகிறான். அவள் சொன்னதைச் செய்துவிட்டாள், இனி எனக்குச் சாவு பொருட்டல்ல என்பதுதான் பாட்டின் சாரம். பிறகு அவனைத் தூக்கிலிடுகிறார்கள்.

இது சோதனைதான். அதில் ஐயமில்லை. பலருக்கு இந்த இடம் கசக்கிறது. தான் காதலிப்பவள் சாகிறாளா என்று சரிபார்த்துவிட்டுச் சாகிறவன் என்ன காதலன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

என் எண்ணம் மாறியது இரண்டு ஐஸ்லாந்துச் சாகாக்களைப் படித்த பிறகு. இரண்டிலும் ஒரு மேலங்கி வருகிறது.

ஒன்று ‘நியாலின் சாகா’. ஹொஸ்குல்ட் என்ற இளைஞனை அவன் வயலில் விதைத்துக்கொண்டிருந்தபோது வெட்டிக் கொல்கிறார்கள். அவன் தோளில் இருந்தது மனைவியின் சிற்றப்பன் ஃப்ளோசி பரிசளித்த விலையுயர்ந்த ஸ்கார்லெட் மேலங்கி. மனைவி ஹில்டிகுன், வழிந்த இரத்தத்தையெல்லாம் அந்த மேலங்கியிலேயே துடைத்து, மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். ஃப்ளோசி வீட்டுக்கு வருகிறார். அவர் பணம் வாங்கிச் சமாதானமாகப் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம். மேலங்கியை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்துகிறாள். உறைந்த இரத்தம் உதிர்ந்து அவர்மேல் கொட்டுகிறது. நீங்கள் கொடுத்ததைத் திருப்பித் தருகிறேன், பழி வாங்குங்கள் என்கிறாள். ஃப்ளோசியின் முகம் இரத்தம்போல் சிவந்து, புல்போல் வெளுத்து, சாவுபோல் கறுத்தது என்கிறது சாகா. பெண்களின் ஆலோசனை குளிர்ந்தது என்று சொல்லிவிட்டு அவர் போகிறார். பல உயிர்கள் வீட்டோடு எரியும் வரை அந்தக் கதை நிற்பதில்லை.

இன்னொன்று ‘பாம்புநாக்கன் குன்லாக்கின் சாகா’. கவிஞன் குன்லாக் பாடிய பாட்டுக்கு இங்கிலாந்து மன்னர் ஏதல்ரெட் கொடுத்த பரிசு, உயர்ந்த தோல் உள்வைத்துத் தைத்த ஸ்கார்லெட் மேலங்கி. அவன் ஊர் திரும்பத் தாமதமானதால் அவனுக்குப் பேசி வைத்திருந்த அழகி ஹெல்காவை ஹ்ராஃப்ன் என்ற இன்னொரு கவிஞன் மணந்துகொள்கிறான். குன்லாக் அந்த மேலங்கியை ஹெல்காவுக்கே கொடுத்துவிடுகிறான். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள். ஹெல்காவுக்கு வேறொருவரோடு மறுமணம் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கின்றன. அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த மேலங்கியை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. நோயில் விழுந்த ஒரு மாலை, அதைக் கொண்டுவரச் சொல்லி, கணவனின் மடியில் சாய்ந்து, அதைப் பார்த்தபடியே இறந்துபோகிறாள்.

ஸ்கார்லெட் என்பது அந்தக் காலத்தில் நிறத்தின் பெயராகும் முன் துணியின் பெயர். நேர்த்தியான இறக்குமதிக் கம்பளித் துணி, பெரும்பாலும் சிவப்புச் சாயமேற்றியது. ஐஸ்லாந்தில் வீட்டுத் தறியில் நெய்த முரட்டுக் கம்பளி பணமாகவே புழங்கியது, இத்தனை முழத்துக்கு இத்தனை மதிப்பு என்று சட்டமே விலை வைத்திருந்தது. அந்த ஊரில் ஸ்கார்லெட் மேலங்கி போட்டவன் நடந்துவந்தால் அரை மைலில் தெரியும். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று ஊருக்கே தெரியும். அது ஆளுக்குச் சமம். கணவன் இல்லாத இடத்தில் அவன் மேலங்கி பேசும், பழி கேட்கும். காதலன் இல்லாத இடத்தில் அவன் மேலங்கி அருகில் இருக்கும். அப்படி ஒரு சமூகத்தில் தூக்குமரத்தில் மேலங்கி தொங்கினால் ஆளே தொங்குவதாகக் காவலாள் சொன்னது வெறும் கண்மயக்கம் அல்ல.

இப்போது அந்தச் சோதனையை மறுபடி பாருங்கள். ஹில்டிகுன் மேலங்கியைக் காட்டி, நீ உன் குலத்துக்குக் கடமைப்பட்டவனா என்று ஃப்ளோசியைக் கேட்கிறாள். ஹாக்பார்ட் அதேபோலத் தன் மேலங்கியைக் காட்டி, நீ எனக்குக் கடமைப்பட்டவளா என்று சிக்னேயைக் கேட்கிறான். பகையின் மொழியிலேயே காதலைக் கேட்கிறான், அவளும் அதே மொழியில் பதில் சொல்கிறாள். அந்த உலகத்தில் சபதம் ஒன்றுதான் நாணயம். தந்தைக்கான சபதம், சகோதரனுக்கான சபதம், விருந்தாளிக்கான சபதம் எல்லாம் சாட்சியோடு நடக்கும். காதலுக்கு மட்டும் சாட்சி கிடையாது. ஒரு பெண்ணைப் பற்றிக் காதல் பாட்டுக் கட்டினால்கூட அதை அவள் குடும்பத்துக்கு இழைத்த குற்றமாக ‘கிராகாஸ்’ தண்டித்தது, ஊர்விலக்கு வரை. இருட்டில் இரண்டு பேருக்குள் சொல்லிக்கொண்ட ஒரு வாக்கு, ஊர் திரண்டு நிற்கும் பட்டப்பகலில் தீயாக எழுந்து நிரூபணமாவதற்கு அந்த மேலங்கி தேவைப்பட்டது. சிக்னே எந்த ஏமாற்றத்திலும் சாகவில்லை. அவள் செய்தது, தன் குலத்து ஆண்கள் ஒவ்வொருவரும் செய்வதைத்தான்: சொன்ன சொல்லை நிறைவேற்றினாள். அதை எந்தக் குலத்துக்காகச் செய்தாள் என்பதில்தான் வேறுபாடு.

தோழிகளைப் பற்றி மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. அவர்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை.

ரோமியோவோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரே ஒரு இடத்தில் ஒப்பிடலாம். அங்கே கடிதம் போய்ச் சேரவில்லை, அதனால் இருவரும் சாகிறார்கள். கொள்ளைநோய்த் தடையில் தூதுவன் மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். இங்கே செய்தி மிகச் சரியாகப் போய்ச் சேர்கிறது. அதிர்ஷ்டம் மாறியிருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று சொல்ல ஓர் இடம்கூட இல்லை. லத்தீன் இலக்கியத்தில் ஊறிய சாக்சோவுக்கு ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன பிரமுஸ், திஸ்பே கதை தெரியாமல் இருந்திருக்காது. அங்கே இரத்தக்கறை படிந்த முக்காட்டைப் பார்த்துக் காதலி இறந்துவிட்டாள் என்று தவறாக நினைத்து அவன் உயிரை விடுகிறான். துணி, தவறான சாவு என்ற அதே பொருட்கள். ஆனால் அங்கே துணி ஏமாற்றுகிறது, இங்கே துணி செய்தியாக அனுப்பப்படுகிறது.

மக்கள் பாடிய டேனிஷ் கதைப்பாடலில் இன்னொரு துண்டு சேர்ந்துகொண்டது. அதில் ஹாக்பார்டின் பெயர் ஹாஃபுர். எந்தக் கயிற்றால் கட்டினாலும் அறுத்துவிடுகிறான். கடைசியில் துரோகம் செய்த அதே பணிப்பெண், சிக்னேயின் கூந்தலிழையால் கட்டச் சொல்கிறாள். அவன் அசையாமல் நிற்கிறான். அறுக்க முடியாமல் அல்ல, அவள் முடியை அறுக்க மனம் வராமல். எரிகிற மாளிகையைக் கண்ட அரசன், இவர்கள் காதல் இவ்வளவு உறுதி என்று முன்பே தெரிந்திருந்தால் பிரித்திருக்க மாட்டேனே என்று புலம்புவதும் அந்தப் பாடலில்தான். சாக்சோவின் சிகாருக்கு அந்த மென்மை இல்லை. காலம் போகப்போக மக்கள் இந்தக் கதையைத் தங்களுக்குத் தாங்கும் அளவுக்கு இளக்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆக்ஸெல் இதை டேனிஷ், ஸ்வீடிஷ், ஐஸ்லாந்து கூட்டுத்தயாரிப்பாக ஐஸ்லாந்தில் போய் எடுத்தார். கேன் திரைப்பட விழாவின் 1967 போட்டிப் பிரிவுக்குப் போனது. ஒளிப்பதிவு ஹென்னிங் பென்ட்சன், டேனிஷ் இயக்குநர் டிரேயரின் ‘ஓர்டெட்’டையும் ‘கெர்ட்ரூட்’டையும் படம்பிடித்தவர். அரசராக குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட், அரசியாக ஏவா டால்பெக், இருவரும் ஸ்வீடிஷ் இயக்குநர் பெர்க்மனின் படங்களில் பழுத்தவர்கள். ஹாக்பார்டாக வந்தவர் சோவியத் நடிகர் ஓலெக் விடோவ். சிக்னேயாக வந்த கிட்டே ஹேனிங் அப்போது இருபது வயதை ஒட்டிய பாப் பாடகி, ஜெர்மனியில் ‘கௌபாய் கணவன் வேண்டும்’ என்று பாடிப் பிரபலமானவர். இந்தத் தேர்வுகளைப் பார்த்தால் வணிகக் கணக்கும் கலைக்கணக்கும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது தெரிகிறது. ஆக்ஸெலை உலகம் கவனித்தது இருபது ஆண்டுகள் கழித்து, ‘பாபெட்டின் விருந்து’க்கு ஆஸ்கார் கிடைத்தபோது.

ஐஸ்லாந்தைத் தேர்ந்தது எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது. சாக்சோவின் கதை நடப்பது சீலாந்துத் தீவில், வயலும் பீச் மரக்காடும் உள்ள தாழ்ந்த நிலம். மரங்கள் அரிதான எரிமலைப் பாறைக்கு அதைக் கொண்டுபோனதும் மனிதர்கள் ஒளிய இடமில்லாமல் போகிறது. அது நல்லது. இந்தக் கதைக்கு அந்த வெறுமை பொருந்துகிறது. செங்குத்தாக எதுவும் நிற்காத நிலத்தில் ஒரு தூக்குமரமும் அதில் ஒரு சிவப்புத் துணியும் நின்றால் கண் வேறெங்கும் போகாது. இழப்பும் உண்டு. கதையின் பின்பாதியில் ஹாகி பழிவாங்க வரும்போது, படைவீரர்கள் மரக்கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு காடே நடந்து வருவதுபோல வருகிறார்கள். ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’தை வாசித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஐஸ்லாந்தில் அந்தக் காட்சிக்குக் கிளைக்கு எங்கே போவது?

அந்தப் பின்பாதியை மறந்துவிடாதீர்கள். காதல் கதையாக மட்டும் சொல்பவர்கள் தீயோடு நிறுத்திவிடுகிறார்கள். சாக்சோ நிறுத்தவில்லை. ஹாகி சிகாரைக் கொல்கிறான், பெண்களையும் விட்டுவைக்கவில்லை. பிறகு சிகாரின் எஞ்சிய மகன் எழுந்து ஹாகியின் ஆட்களை நோக்கி வருகிறான். ‘வொல்சுங்கர் சாகா’ என்ற இன்னொரு ஐஸ்லாந்துக் கதையில் பிரின்ஹில்ட், குட்ரூன் என்ற இரு பெண்கள் எந்த அரசர்கள் மேலானவர்கள் என்று பேசிக்கொள்ளும்போது, ஹாகியும் ஹாக்பார்டும் என்று ஒருத்தி சொல்ல, அவர்கள் சிறந்தவர்கள்தாம், ஆனால் சிகார் அவர்களுடைய ஒரு சகோதரியைக் கவர்ந்து இன்னொருத்தியை வீட்டோடு எரித்தானே, இன்னும் பழிவாங்காமல் தாமதிக்கிறார்களே என்று மற்றவள் குத்துகிறாள். அந்த உரையாடலில் சிக்னேயின் பெயரே வரவில்லை. பகைக்கு அவள் தேவைப்படவில்லை.

இன்னும் ஒரு படம் பார்க்க ஆசை இருந்தால் ஹ்ராஃப்ன் குன்லாக்சன் 1988-இல் எடுத்த ‘காக்கையின் நிழலில்’ கிடைக்கிறதா என்று தேடுங்கள். 1077-இல் கரையொதுங்கிய ஒரு திமிங்கிலம் யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் தொடங்கி, திரிஸ்தான், இசோல்ட் என்ற இடைக்காலக் காதல் கதையை ஐஸ்லாந்துக் குலப்பகைக்குள் வைத்த படம். சேறும் இரத்தமும் அதிகம். பகை எவ்வளவு அற்பமான, எவ்வளவு வயிறு சம்பந்தப்பட்ட காரணத்தில் தொடங்கும் என்பதை ஆக்ஸெலைவிட இவர் நன்றாகக் காட்டுகிறார். காதலை ஆக்ஸெல் நன்றாகக் காட்டுகிறார்.

இதெல்லாம் நடந்ததா என்று யாராவது கேட்டால் சாக்சோ ஒரு சாட்சியை வைத்திருக்கிறார். ரிங்ஸ்டெட் அருகே சிகெர்ஸ்டெட் என்ற ஊரின் பெயரே சிகாருடையது என்று சீலாந்தில் இன்றும் சொல்வார்கள். அந்த இடத்தைக் குறிப்பிட்டுவிட்டு, பழைய மனை இருந்தது போன்ற மேடு ஒன்று அங்கே இருக்கிறது என்கிறார். தன் புரவலர் பேராயர் அப்சலோனிடம் ஒருவர் வந்து சொன்னதாக ஒரு செய்தியும் சேர்க்கிறார். அந்த நிலத்தை உழுத விவசாயியின் கொழுமுனையில் ஏதோ தட்டியது, மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு மரத்தூலம். அது மாளிகையின் கூரையிலிருந்து விழுந்ததா, தூக்குமரத்தில் மிச்சமானதா என்று அப்சலோன் கேட்டதாகச் சாக்சோ எழுதவில்லை.